எஞ்சின் விடும் மூச்சு

மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போனால் மேல்கோட்டை. திருநாராயணபுரம் என்றும் இந்த ஊருக்குப் பெயர் உண்டு. மலை மேலே நரசிம்மர் கோயில். கீழே கல்யாணிக் குளம். இராமானுசர் வந்து தங்கிய ஊர். இன்றும் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன.

மலையை விட்டு இறங்கினால் வயல்கள். நெல், கரும்பு, ராகி. கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஓடும். கரண்ட் போய்விட்டால் ஏதாவது ஒரு கிணற்றடியில் 'டுக், டுக், டுக்' என்று சத்தம் கேட்கும். அதுதான் ஆயில் எஞ்சின். டீசலில் ஓடுகிற எஞ்சின்.

இந்த எஞ்சினை நமக்குத் தெரியும். ஹேண்டில் போட்டுச் சுற்றத் தெரியும். டீசல் ஊற்றத் தெரியும். ஆனால் அது எதைத் தின்று உயிர் வாழ்கிறது? 'டீசலைத் தின்று' என்று சொல்வீர்கள். அது பாதி பதில்தான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளக் கடலுக்குப் போக வேண்டும். அதுவும் கடலுக்கு அடியில்.

மேல்கோட்டைக்காரருக்குக் கடல் எதற்கு என்று கேட்கலாம். நீர்மூழ்கிக் கப்பலில் எஞ்சினும் மனிதர்களும் ஒரே மூடிய குழாய்க்குள் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே காற்று. அந்த இடத்தில் எஞ்சினின் குணம் நன்றாகத் தெரிந்துவிடும். வயலில் அது தெரியாது. ஆனால் ஒரு கிணற்றுக்குள் தெரியும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

சைக்கிள் பம்பும் டீசல் எஞ்சினும்

சைக்கிளுக்குக் காற்று அடித்திருப்பீர்கள். அடித்து முடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். டீசல் எஞ்சினின் இரகசியம் இதுதான்.

எஞ்சினுக்குள் ஒரு சிலிண்டர் இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. பிஸ்டன் கீழே போகும்போது வெளிக் காற்றை உள்ளே இழுக்கிறது. மேலே வரும்போது அந்தக் காற்றை அமுக்குகிறது. பதினாறு, பதினெட்டு பங்கு இடத்தில் இருந்த காற்று ஒரு பங்கு இடத்துக்குச் சுருங்குகிறது. அப்போது அதன் சூடு 500 டிகிரிக்கு மேல் போகும். அந்தக் கொதிக்கும் காற்றில் டீசலை நாசில் வழியாகப் பனித்துளிபோலப் பீய்ச்சினால் உடனே பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம், பிளக் வேண்டாம். பற்றிய வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. மறுபடி மேலே வரும்போது புகையை வெளியே தள்ளுகிறது. இழு, அமுக்கு, தள்ளு, வெளியேற்று. இந்த நாலும் மாறி மாறி நடக்கின்றன.

இதைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர். அவருடைய எஞ்சின் 1897இல் நன்றாக ஓடத் தொடங்கியது. 1900இல் பாரிஸ் நகரத்தில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அங்கே இந்த வகை எஞ்சின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள்! எண்ணெய் எதுவானாலும் எஞ்சின் சமாளித்துக்கொள்ளும். காற்று இல்லாமல் மட்டும் சமாளிக்க முடியாது.

எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். 200 லிட்டர் பேரலில் 50 பேரல். எஞ்சின் உள்ளே இழுப்பது இதைவிட அதிகம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஒரு பகலும் ஓர் இரவும் சுவாசிக்கும் காற்று கிட்டத்தட்ட இதே அளவுதான். நம்முடைய 5 எச்.பி. எஞ்சின் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். அதாவது மனிதர் ஒரு நாள் முழுக்க விடும் மூச்சை அது ஒரே மணி நேரத்தில் இழுத்துவிடும்.

கடலுக்கு அடியில்

இப்போது நீர்மூழ்கிக்குள் போவோம். இரண்டாம் உலகப் போர் 1939 முதல் 1945 வரை நடந்தது. அப்போது ஜெர்மனியிடம் நிறைய நீர்மூழ்கிகள் இருந்தன. ஏழாம் வகை என்ற நீர்மூழ்கிதான் அதில் அதிகம். அதில் இரண்டு பெரிய டீசல் எஞ்சின்கள். ஆட்கள் சுமார் 45 பேர். தண்ணீருக்கு மேலே வந்து மெதுவாக ஓடினால் 15,000 கிலோமீட்டருக்கு மேல் போகும். தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால்? மெதுவாகப் போனால் சுமார் 150 கிலோமீட்டர். அதுவும் மனிதர் வேகமாக நடக்கிற வேகத்தில்தான்!

ஏன் இவ்வளவு வித்தியாசம்? மூழ்கியதும் டீசல் எஞ்சினை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாவிட்டால் உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் அது குடித்துவிடும். ஆகவே நீருக்குள் பேட்டரியில் ஓடும் மின்சார மோட்டார்தான் கப்பலைத் தள்ளும். பேட்டரி தீர்ந்ததும் மேலே வர வேண்டும். எஞ்சினைப் போட்டுப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் இரவில், இருட்டில் இதைச் செய்தார்கள். பகலில் மேலே வந்தால் எதிரி விமானம் பார்த்துவிடும்.

அப்படியானால் நீர்மூழ்கி என்ற பெயரே அவ்வளவு பொருத்தம் இல்லை. அந்தக் காலத்து நீர்மூழ்கி, தேவைப்படும்போது மூழ்கத் தெரிந்த ஒரு படகு. அவ்வளவுதான்.

நேதாஜி போன கப்பல்

நம் நாட்டவர் ஒருவர் இப்படிப்பட்ட நீர்மூழ்கியில் பாதி உலகத்தைச் சுற்றி வந்தார். அவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்.

1943 பிப்ரவரியில் நேதாஜி ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். கூட வந்தவர் அபித் ஹசன். கப்பலின் பெயர் யு-180. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 11 வாரம் பயணம். மடகாஸ்கர் தீவுக்குத் தென்கிழக்கே ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி காத்திருந்தது. அதன் பெயர் ஐ-29. அது பினாங்குத் துறைமுகத்திலிருந்து வந்திருந்தது. ஏப்ரல் 28ஆம் தேதி இருவரும் ரப்பர்ப் படகில் ஏறி, கொந்தளிக்கும் கடலில் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறினார்கள். மே மாதம் சுமத்ராவுக்குப் பக்கத்தில் உள்ள சபாங் தீவில் இறங்கினார்கள். அதன் பிறகு அவர் சிங்கப்பூர் போய் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். அந்தப் படையில் தமிழர்கள் ஏராளமாக இருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

யு-180இன் எஞ்சின்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற நீர்மூழ்கிகளில் மெதுவாகச் சுற்றும் கனமான எஞ்சின்கள் இரண்டு இருக்கும். இதில் ஆறு எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் 20 சிலிண்டர். ஒவ்வொன்றும் 1,500 எச்.பி. மெர்சிடஸ் பென்ஸ் கம்பெனி செய்தது. வேகமாகப் பாய்ந்து தாக்கிவிட்டுச் சீக்கிரம் கரைக்குத் திரும்பும் சிறிய போர்ப்படகுகளுக்காகச் செய்த எஞ்சின்கள் அவை. அவற்றைத் தூக்கி, மாதக் கணக்கில் ஓட வேண்டிய கப்பலில் வைத்தார்கள். வேகம் கிடைத்தது. கூடவே தொல்லையும் வந்தது. எஞ்சின்கள் சூடாயின. நிறையப் புகை விட்டன. ஒளிந்து போக வேண்டிய கப்பலுக்குப் புகை எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்! பல மைல் தூரத்துக்குத் தெரியும்.

உள்ளே இருந்தவர்களுக்கோ எப்போதும் டீசல் வாடை. உடையில் டீசல், போர்வையில் டீசல், சாப்பாட்டில் டீசல். அபித் ஹசன் பின்னாளில் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசியபோது அந்த வாடையைச் சொல்லாமல் விடவில்லை.

யு-180 ஜூலை மாதம் பிரான்சில் உள்ள போர்தோ துறைமுகத்துக்குத் திரும்பியது. அந்த ஆறு எஞ்சின்களையும் கழற்றிவிட்டார்கள். மெதுவாகச் சுற்றும் எஞ்சின்கள் இரண்டை வைத்தார்கள். சாமான் ஏற்றும் கப்பலாக மாற்றினார்கள். 1944 ஆகஸ்டில் கடலுக்குப் போன அந்தக் கப்பல் திரும்பி வரவில்லை. அதில் இருந்த 56 பேரும் இறந்தார்கள்.

நம் ஊர்களில் ஒரு பழைய வகை ஆயில் எஞ்சின் உண்டு. பெரிய இரண்டு சக்கரம் வைத்தது. நிமிடத்துக்கு 650 சுற்றுதான் சுற்றும். தூக்க நாலு ஆள் வேண்டும். ஆனால் முப்பது வருடம்கூட ஓடும். எடை குறைந்த வேகமான எஞ்சினைக் கேட்டு வாங்குகிறவர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாள் முழுக்கத் தண்ணீர் இறைக்க வேண்டுமானால் மெதுவாகச் சுற்றுவதே மேல்.

மூக்குக் குழாய்

மூழ்கியபடியே எஞ்சினை ஓட்ட முடியாதா? 1930களில் நெதர்லாந்து நாட்டுக் கடற்படை இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு நீளக் குழாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டினார்கள். கப்பல் நீருக்குள் இருக்கும். மூக்கு மட்டும் வெளியே இருக்கும். எருமை குளத்தில் படுத்திருப்பது போல! போரின் கடைசிக் காலத்தில் ஜெர்மனியும் இதைப் பயன்படுத்தியது.

ஆனால் அலை வந்து குழாயின் வாயை மூடினால்? தண்ணீர் உள்ளே வராமல் ஒரு வால்வு தானாக அடைத்துக்கொள்ளும். எஞ்சினோ நிற்காது. கப்பலுக்குள் இருக்கும் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும். சில நொடிகளில் உள்ளே இருப்பவர்களுக்குக் காது அடைத்துக்கொள்ளும். வலி பொறுக்க முடியாது. வால்வு திறந்ததும் காற்று பாய்ந்து வரும். மறுபடி காது வலிக்கும். அதனால் காற்று குறைந்தால் தானாக எஞ்சினை நிறுத்தும் கருவியைப் பிற்காலக் கப்பல்களில் வைத்தார்கள்.

கருவி இருந்தும் விபத்து நடக்கிறது. 2003இல் சீனாவின் 361ஆம் எண் நீர்மூழ்கியில் இருந்த 70 பேரும் இறந்தார்கள். இயந்திரக் கோளாறு என்று சீன அரசு சொன்னது. டீசல் எஞ்சின் நிற்காமல் ஓடி உள்ளே இருந்த காற்றைத் தீர்த்துவிட்டது என்றே பலர் கருதுகிறார்கள்.

இதை எல்லாம் கண்ணால் பார்க்க ஆசையா? ஆந்திராவில் விசாகப்பட்டினம் கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா நிற்கிறது. இந்தியக் கடற்படையில் 1969 முதல் 2001 வரை வேலை செய்த நீர்மூழ்கி. 91 மீட்டர் நீளம். 2002 முதல் அது காட்சிச்சாலை. உள்ளே நடந்து போய்ப் பார்க்கலாம். மூன்று டீசல் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 2,000 எச்.பி. அவற்றின் பக்கத்தில் ஓர் ஆள் ஒதுங்கி நிற்கத்தான் இடம் இருக்கிறது. அந்த இடத்தில், அந்தச் சூட்டில், அந்தச் சத்தத்தில் நின்றுதான் வேலை செய்தார்கள்.

தண்ணீரும் டீசலும்

கப்பலில் டீசல் தீரத் தீரக் கப்பலின் எடை குறையும். எடை குறைந்தால் மூழ்குவது கஷ்டம். இதற்கு ஒரு வேடிக்கையான ஏற்பாடு உண்டு. டீசல் டேங்கின் அடியில் கடல் தண்ணீரை விட்டுவிடுவார்கள்! டீசல் தண்ணீரைவிட லேசானது. தண்ணீரின் மேலே மிதக்கும். மேலே இருந்து டீசலை எடுக்க எடுக்க, கீழே தண்ணீர் வந்து நிரம்பும்.

அப்படியென்றால் எஞ்சினுக்குத் தண்ணீர் போய்விடாதா? அதுதான் கப்பல் மெக்கானிக்கின் தலைவலி. டீசலை முதலில் வேறு ஒரு டேங்கில் தேங்க வைப்பார்கள். தண்ணீர் அடியில் தங்கும். அதை வடித்துவிட்டுத்தான் எஞ்சினுக்கு அனுப்புவார்கள்.

நம் எஞ்சினிலும் இதே வேலை இருக்கிறது. மழைக்காலத்தில் டீசல் டேங்கின் மூடி சரியாக இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கும். இரவில் வேர்த்தும் தண்ணீர் சேரும். டேங்கின் அடியிலும் பில்டரின் அடியிலும் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி முதலில் வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் தெரிந்தால் சுத்தமான டீசல் வரும்வரை விடுங்கள். டீசல் குழாயில் காற்று புகுந்தாலும் எஞ்சின் நின்றுவிடும். காற்று இல்லாமல் ஓடாத எஞ்சின், தன் டீசல் குழாயில் மட்டும் ஒரு குமிழிக் காற்றையும் பொறுக்காது!

நீர்மூழ்கியில் எஞ்சினைப் போடும் முன்பு இன்னொரு காரியம் செய்வார்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதைத் திறந்துவிட்டு எஞ்சினை மெதுவாக ஒரு சுற்று சுற்றுவார்கள். புகைக்குழாய் வழியாகக் கடல் தண்ணீர் கசிந்து சிலிண்டருக்குள் வந்திருந்தால் வெளியே பீய்ச்சி அடிக்கும். காற்றை அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. தண்ணீரோடு எஞ்சினைப் போட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் மூழ்கிய ஆயில் எஞ்சினை அப்படியே சுற்றக் கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான்.

மீன்பிடிப் படகில் வேறு தொல்லை. நாகப்பட்டினம், இராமேசுவரம் பக்கத்து விசைப்படகுகளில் டீசல் எஞ்சின்தான். கடல் தண்ணீரின் உப்பு இரும்பை அரிக்கும். அதனால் துத்தநாகத் துண்டு ஒன்றைப் பொருத்திவைப்பார்கள். உப்பு முதலில் அந்தத் துண்டைத் தின்னும். தீர்ந்ததும் வேறு துண்டு மாட்டுவார்கள்.

புகையைப் படிப்பது

எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். புகையையும் படிக்கலாம்.

“அண்ணா, எஞ்சின் கறுப்பாப் புகை விடுதே?”

“காத்து பத்தலை. ஏர் பில்டரைக் கழட்டிப் பாருங்க. தூசி அடைச்சிருக்கும். பாரம் அதிகமா இருந்தாலும் இப்படி வரும்.”

“போன மாசம் நீலமா வந்தது.”

“அது எஞ்சின் ஆயில் எரியறது. ரிங்கு தேஞ்சிருக்கும். கடைக்குக் கொண்டு வாங்க.”

“காலையில வெள்ளையா வருது.”

“குளிர்ல போட்டா கொஞ்ச நேரம் வரும். சூடான பிறகும் வந்தா டீசல் சரியா எரியலை. இல்லாட்டி உள்ளே தண்ணி இறங்குது.”

நல்ல எஞ்சினில் புகை கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத புகைதான் ஆளைக் கொல்லும்.

கிணற்றுக்குள் எஞ்சின்

பம்பு தண்ணீரை மேலே இழுப்பதற்கு ஓர் அளவு உண்டு. கடல் மட்டத்தில் கணக்குப்படி 10 மீட்டர். மைசூர்ப் பக்கம் மேட்டு நிலம். காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் இன்னும் குறையும். நடைமுறையில் 6 மீட்டர் வரைதான் நம்பலாம். கோடையில் கிணற்றுத் தண்ணீர் அதற்குக் கீழே போய்விட்டால் பம்பு இழுக்காது. அப்போது என்ன செய்கிறார்கள்? கிணற்றுக்குள் ஒரு திட்டு வெட்டி, எஞ்சினையே கயிறு கட்டி உள்ளே இறக்கிவிடுகிறார்கள்.

இறக்கிய கிணறு இப்போது நீர்மூழ்கி மாதிரி. மேலே வானம் தெரிகிறதே என்று நினைப்போம். ஆனால் ஆழத்தில் காற்று சரியாகப் புரளாது. எஞ்சின் நல்ல காற்றை இழுத்துக் கெட்ட காற்றை விடுகிறது. காற்று குறையக் குறைய டீசல் அரைகுறையாக எரியும். அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு அதிகமாக வரும். அதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. முதலில் தலைவலி, மயக்கம், கால் தளர்ச்சி. ஏணியில் ஏற வேண்டும் என்று தோன்றும்போது கை பிடிக்காது. மண்ணெண்ணெய், பெட்ரோல் பம்பு இன்னும் மோசம். அதில் இந்த வாயு அதிகம்.

இப்படி இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்திருக்கின்றன. பல செய்திகளில் ஒருவர் மட்டும் இறக்கவில்லை. எஞ்சினை நிறுத்த அப்பா இறங்கினார். அவர் விழுந்ததைப் பார்த்து மகன் இறங்கினார். இருவரையும் காப்பாற்றப் பக்கத்து வயல்காரர் இறங்கினார்.

விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. விளக்கு அணைந்தால் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம். இறங்கக் கூடாது. ஆனால் விளக்கு எரிந்தால் இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆளைக் கொல்லும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

எஞ்சினை மேலே திறந்த வெளியிலேயே வையுங்கள். தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டால் தண்ணீருக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார் இருக்கிறது. அது மின்சாரத்தில் ஓடும். அதற்குக் காற்றே வேண்டாம். நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கியதும் மின்சார மோட்டாருக்கு மாறியதே, அதே கதைதான். கரண்ட் இல்லாதபோது மேலே ஜெனரேட்டரை ஓட்டி அந்த மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கலாம். ஜெனரேட்டரும் திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். மூடிய அறையிலும் கடைக்குள்ளும் ஓட்டக் கூடாது.

கிணற்றுக்குள் யாராவது விழுந்து கிடந்தால் பின்னாலேயே இறங்க வேண்டாம். உள்ளே எஞ்சின் ஓடினால் மேலே இருந்தே டீசல் குழாயை அடைக்க முடியுமா என்று பாருங்கள். விழுந்தவருக்கு நினைவு இருந்தால் கயிற்றை விட்டு இடுப்பில் கட்டச் சொல்லி இழுங்கள். 101க்கு அல்லது 112க்குப் போன் செய்யுங்கள். தீயணைப்புப் படையினர் முகமூடியும் காற்று உருளையும் கொண்டுவருவார்கள். அவற்றை மாட்டிக்கொண்டுதான் அவர்களே இறங்குவார்கள். மேலே கொண்டுவந்தவர் கண் திறந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்த வாயு இரத்தத்தில் கலந்துவிட்டால் வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அங்கே முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுப்பார்கள். எஞ்சின் புகையில் இருந்தவர் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.